பழைய குற்றாலத்தில் செல்ஃப் எடுக்காத கார்

கண்ணா,

உன் மகள் என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். கோமதியும் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். வெளியே சாரல் விட்டு விட்டு விழுகிறது. இந்த அமைதி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தெரியாது. அதற்குள் உனக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ வேலைக்குப் போயிருக்கிற மலையில் போன் சிக்னல் நிற்பதில்லை. பேச ஆரம்பித்தால் பாதியில் அறுந்துவிடுகிறது. கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்லி உன்னைக் குழப்பிவிட்டோம். உங்கள் அப்பா சொல்வதைக் கேட்டால், காரை அவரே தோளில் தூக்கிக்கொண்டு தென்காசி வந்து சேர்ந்ததுபோல இருக்கும். உன் மாமனார் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. புளியங்குடியில் எலுமிச்சை ஏலத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆனால் எங்கள் எல்லோரையும்விட விரிவாக அவர்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். நேற்று நீ போனில், "நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனேம்மா" என்று சொன்னாய். அதற்குள் இணைப்பு போய்விட்டது. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

கோமதி அவள் அம்மா வீட்டில்தான் இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். டாக்டரம்மாவிடம் காட்டுவதற்காகத் தென்காசிக்கு வந்தவளை, பயண அலுப்புத் தீர இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று நான்தான் நிறுத்திக்கொண்டேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் ஆகும், நன்றாக நடக்கச் சொல்லுங்கள் என்றார். மறுநாள் காலையில் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறேன், இவள் வந்து நின்று, "அத்தே, சீசன் இப்படி அடிக்குது. இங்கன இருந்துகிட்டு அருவியப் பாக்காமப் போனா பிள்ள பொறந்து என்னையத்தான் கேக்கும்" என்றாள். குளிக்கக் கூடாது, பாறையில் கால் வைக்கக் கூடாது, காரை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்து தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை போட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்பா, "நானும் வாரேன், நீ ஓட்டுத ஓட்டுக்கு ஒரு ஆம்பள கூட இருக்கணும்லா" என்று வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கார் சாவியை இந்த ஜென்மத்தில் கையால் தொட்டதில்லை அவர். இந்த வீட்டுக்கு ஒரு டிரைவர் வேண்டும் என்றுதானே நான் ஐம்பது வயதில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன்!

பழைய குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்தது. நீ சின்ன வயதில் பார்ப்பாயே, இரண்டு தட்டாக நுரைத்துக்கொண்டு, அதே மாதிரி. காலை நேரம்தான், ஆனால் விடுமுறை நாள் என்பதால் வண்டிகள் அதற்குள் நிறைந்துவிட்டன. கிடைத்த இடத்தில், ஒரு சுவரைப் பார்த்தபடி காரை நிறுத்தினேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் நின்று வயிற்றில் கை வைத்து, "கேக்குதா பாரு" என்று உள்ளே இருப்பவளிடம் சொன்னாள். திரும்பும்போது சூடாக ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி கேட்டாள். நான் வேண்டாம் என்றேன், அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது பஜ்ஜியை வாயில் வைத்தவள் அப்படியே நின்றாள். "என்னம்மா, காரமா?" என்று அப்பா கேட்டார். "காரம் இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காருக்குப் போவதற்குள் இன்னொரு வலி. பின் சீட்டில் உட்கார வைத்தபோது பனிக்குடமும் உடைந்துவிட்டது.

நான் பதறவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தென்காசி பக்கத்தில்தானே, காரை எடுத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற தைரியத்தில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இஞ்சின் அசையவில்லை. மறுபடியும் திருப்பினேன். மறுபடியும் ஒரே ஒரு "டக்". செல்ஃப் எடுக்கவே இல்லை. அதற்கு முந்தின வாரம் ஒரு தடவை காலையில் இரண்டு முறை திருப்பிய பிறகுதான் எடுத்தது. சாரல் ஈரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அந்த நிமிஷம் உறைத்தது. அப்பா, "ஏட்டி, பெட்ரோல் இல்லையோ என்னமோ, பாரு" என்றார். பிறகு, "தண்ணி உள்ள போயிருக்கும்" என்றார். பிறகு, "நேத்து ராத்திரி உள்ள லைட்ட அணைச்சியா?" என்றார். நான் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் நீ வந்தாய். ஆமாம், நீதான். போன தடவை லீவில் வந்திருந்தபோது என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? நான் காய்கறிக் கடைக்குக் கிளம்பி வந்து சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. நீ மாடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, என்ன கோளாறு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும் என்றாய். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, இவனுக்கு விளையாட்டைப் பார் என்று உன்னை என்ன திட்டுத் திட்டினேன்! நீ விடவில்லை. "அம்மா, முதல்ல சாவிய விட்டுக் கையை எடு. சும்மா திருகிக்கிட்டே இருந்தா இருக்க பேட்டரியும் போயிரும். வண்டி என்ன சொல்லுதுன்னு கேளு. லைட்டப் போட்டுப் பாரு, ஹாரன அடிச்சுப் பாரு. அதுக்கப்புறம் பானட்டத் தொறக்கலாம்" என்றாய். அந்த வாரம் முழுக்கத் தினம் ஒரு கோளாறு செய்து வைத்தாய். ஒரு நாள் கோபத்தில் உனக்குக் காபி போட்டுத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பழைய குற்றாலத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் உன் குரல் அப்படியே கேட்டது. சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

ஹாரன் அடித்தேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கணீரென்று கேட்டது. ஹெட்லைட் போட்டேன். முன்னால் இருந்த சுவர் பளிச்சென்று தெரிந்தது. லைட் எரியும்போதே சாவியைத் திருப்பினேன். "டக்" என்றது, ஆனால் வெளிச்சம் மங்கவில்லை. பேட்டரியில் சத்து இல்லை என்றால் லைட் மங்கும், "டக டக டக" என்று அடித்துக்கொள்ளும் என்று நீ சொல்லியிருந்தாய். இங்கே அப்படி இல்லை. இஞ்சினே சுற்றாதபோது பெட்ரோலைக் குறை சொல்லவும் வழியில்லை. இருந்தாலும் அப்பாவின் சமாதானத்துக்காக முள்ளைப் பார்த்தேன், பாதி டேங்குக்கு மேல் இருந்தது. பானட்டைத் திறந்து பேட்டரி முனைகளை ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தன, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கவும் இல்லை. அப்படியென்றால் ஸ்டார்ட்டர் மோட்டார்தான். அதை அங்கே வைத்துச் சரிசெய்ய என்னால் முடியாது. ஆனால் பேட்டரி நன்றாக இருக்கிற கியர் வண்டியைத் தள்ளி எடுத்துவிடலாம் என்று நீ சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

இதற்கிடையில் அப்பா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருந்தார். வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் குற்றாலத்துக்குள் நெரிசலில் நிற்கிறது என்றார்களாம். ஆட்டோ தேடி ஓடிப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். பக்கத்தில் ஒரு வேன் நின்றது. அதிலிருந்தவர்களைக் கேட்டால், சாவி டிரைவரிடம் இருக்கிறது, டிரைவர் அருவிக்கு அடியில் இருக்கிறார் என்றார்கள். அந்த வேனில் வந்தவர்கள் ராயகிரிக்காரர்கள். நடவு முடித்த கையோடு ஊரிலிருந்து ஒரு கூட்டமாகக் குளிக்க வந்திருந்தார்கள். பெரியவர் ஒருத்தர், தலை முழுக்க எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு வந்து நின்று, "என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார்.

"அண்ணாச்சி, மருமகளுக்கு வலி வந்துட்டு. செல்ஃப் எடுக்கல. தள்ளினா எடுத்துரும்" என்றேன்.

அவர் கார் கண்ணாடி வழியாகக் கோமதியைப் பார்த்தார். அடுத்த நொடி ஒரு குரல் கொடுத்தார் பார், அருவிச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. "எலேய்! எல்லாவனும் இங்கன வாங்கலே! குளிச்சது போதும், பிள்ளத்தாச்சி இருக்கா!"

ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஓடி வந்தார்கள், கண்ணா. பாதிப் பேர் குளித்தவர்கள், பாதிப் பேர் இன்னும் குளிக்காதவர்கள். கார் சுவரைப் பார்த்து நின்றதால் முதலில் பின்பக்கமாகத் தள்ளி வெளியே எடுக்க வேண்டியிருந்தது. நான் ஸ்டீரிங்கைத் திருப்ப, பெரியவர், "இன்னும் ஒடிங்க, இன்னும் ஒடிங்க, போதும்" என்று வழி சொன்னார். எண்ணெய்க் கை வழுக்கி ஒருத்தர் குப்புற விழுந்து, எழுந்து, சிரித்துக்கொண்டே மறுபடியும் கை வைத்தார். பின் சீட்டிலிருந்து கோமதி, "அத்தே, நான் வேணா இறங்கிக்கிடவா, வெயிட்டு குறையுமே" என்றாள். அவளுக்கு வலி இல்லாத நேரத்தில் இப்படி ஏதாவது பேசுவாள். வலி வந்தால் முன் சீட்டின் தலைப்பகுதியைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். அது அப்பாவின் சீட்; தள்ளுகிற கூட்டத்தில் கால் இடறிவிடுவார் என்று அவரை நான்தான் ஏற்றி உட்கார வைத்திருந்தேன். ஒரு தடவை அதோடு அவருடைய சட்டைக் காலரும் சேர்ந்து அவள் கைக்குள் போய்விட்டது. மூச்சு முட்டினாலும் மனுஷர் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வண்டியைச் சரிவு பார்த்து நிறுத்திச் சாவியை ஆன் செய்து, "தள்ளுங்க" என்றேன். தள்ளினார்கள். வண்டி நகரத் தொடங்கியதும் அவசரத்தில் கிளட்சை விட்டுவிட்டேன். ஒரு குலுக்குக் குலுக்கி ஈரத் தரையில் சறுக்கி நின்றுவிட்டது. தள்ளியவர்கள் எல்லோரும் காரின் முதுகில் வந்து மோதினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்ன கியர் போட்டீக அத்தே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஃபர்ஸ்ட்" என்றேன். "ஃபர்ஸ்ட் வேண்டாம், செகண்டு போடுங்க. நல்லா ஓட விட்டு அப்புறமா கிளட்சை விடுங்க. எங்க லோடு வண்டிய எங்கப்பா தெனமும் அப்படித்தான் எடுப்பாக" என்றாள் உன் பெண்டாட்டி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வலி வந்துவிட்டது. அந்த வலியோடு கையை ஆட்டி ஆட்டி, போங்கள் போங்கள் என்கிறாள். நீ சொல்லிக் கொடுத்தபோதும் செகண்ட் கியர் என்றுதான் சொல்லியிருப்பாய். அந்தப் பாடம் நடந்த அன்றுதான் நான் உனக்குக் காபி தராமல் உள்ளே போய்விட்டேன் என்று நினைக்கிறேன்.

செகண்ட் கியர் போட்டுக் கிளட்சை முழுக்க மிதித்தேன். பெரியவர், "தம் பிடிச்சுத் தள்ளுங்கலே!" என்றார். இந்த முறை நான் பொறுமையாக இருந்தேன். கார் உருண்டது, வேகம் பிடித்தது, பக்கக் கண்ணாடியில் அந்த ஈரத் துண்டுகள் எல்லாம் ஓடி வருவது தெரிந்தது. இப்போது என்று தோன்றிய கணத்தில் கிளட்சை விட்டேன். கார் ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு இஞ்சின் "உர்ர்" என்று பிடித்துக்கொண்டது. பின்னால் எழுந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டுமே! ஏதோ தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்த மாதிரி விசில் அடித்தார்கள். நின்று நன்றி சொல்லக்கூட எனக்குப் பயம். கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனேன்.

குற்றாலத்துக்குள் போனால் நெரிசலில் மாட்டுவோம் என்று ஆயிரப்பேரி ஊர்ப் பக்கமாகத் திருப்பினேன். மழையும் பிடித்துக்கொண்டது. மனதில் ஒரே எண்ணம்தான், இஞ்சின் அணைந்துவிடக் கூடாது. ஒரு வளைவில் இரண்டு பஸ்கள் எதிரும் புதிருமாக வந்து, நகர முடியாமல் நின்றன. டிரைவர்கள் இரண்டு பேரும் இறங்கி நின்று நியாயம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கதவு திறந்தது. உங்கள் அப்பா இறங்கினார். ஓட்டலில் சாம்பார் இன்னொரு தடவை வேண்டும் என்று கேட்பதற்குக்கூட என் காதில் சொல்லி என்னைக் கேட்கச் சொல்கிற மனுஷர். வேட்டியை மடித்துக் கட்டினார். நடுரோட்டில் நின்று, "ஏய்! நியாயத்த அப்புறம் பேசுங்கய்யா! எம் பேரப்பிள்ள வருது, வழிய விடுங்க!" என்று கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஒரு பஸ்ஸைத் தட்டித் தட்டிப் பின்னால் போக வைத்து, எதிரே வந்த பைக்குகளை ஓரங்கட்டி, மழையில் காருக்கு முன்னால் ஓடினார். பின்னால் கோமதி வலியும் சிரிப்புமாக, "அத்தே, மாமாவப் பாருங்க, மாமாவப் பாருங்க" என்கிறாள். வழி கிடைத்ததும் அவர் ஓடிக்கொண்டே கதவைத் திறந்து ஏறினார். ஒரு செருப்பு அங்கேயே கிடக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, "அணைஞ்சிராமப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கோமதியைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே கொண்டுபோனேன். டாக்டரம்மா பார்த்தவுடனே, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கார்லயே பிரசவம் பாத்திருப்பீங்க" என்றார். நான் சேலைத் தலைப்பைப் பிழிந்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து உன் மகளின் குரல் கேட்டது. எவ்வளவு பெரிய குரல் தெரியுமா? ராயகிரிப் பெரியவருக்கு அடுத்தபடி அன்றைக்கு நான் கேட்ட பெரிய குரல் அதுதான். இரண்டே முக்கால் கிலோ. உன் மூக்கு. காது கோமதியுடையது. அது நல்லதாகப் போயிற்று.

எல்லாம் ஆன பிறகுதான் அப்பாவைக் காணோமே என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால், ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாட்ச்மேன் என்னிடம், "எவ்வளவு நேரமா வண்டிய அணைங்கன்னு சொல்லுதேன், அணைச்சா எம் பொண்டாட்டி கொன்னுபோடுவான்னு சொல்லுதாரும்மா" என்றார். நான் கண்ணாடி பக்கம் குனிந்து, "பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "அப்ப அணைச்சிரட்டுமா?" என்று கேட்டார். அணைத்தார். பிறகு அந்த ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நீ பிறந்தபோதும் அழுதார், அது யாருக்கும் தெரியாது என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கீழே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் அந்த வேன். ராயகிரிக்காரர்கள் எல்லோரும் தலை சீவி, விபூதி பூசி, சட்டை போட்டு நின்றார்கள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. தென்காசியில் எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாமல் ஒவ்வொன்றாக விசாரித்து வந்திருக்கிறார்கள். கையில் ஒரு பை நிறைய ரம்புட்டான் பழம். எல்லோரையும் மேலே விடமாட்டேன் என்றார் வாட்ச்மேன். உன் மாமனார் அதற்குள் வந்துவிட்டார். எலுமிச்சை வாசம் போகாத கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பிள்ளையை வாங்கி, மாடி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டினார். "பொண்ணா, பையனா?" என்று கீழேயிருந்து கேட்டார்கள். "பொண்ணு!" என்றார். பெரியவர் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கும்பிட்டார். "நல்லா இருக்கட்டும்! எங்க எல்லாரையும் தள்ள வச்சவ, ஊரையே நடத்துவா!" என்றார். பேர் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று நான் கீழே இறங்கி வருவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. உனக்கு லீவு கிடைத்து வந்ததும் நாம் ராயகிரிக்குப் போக வேண்டும். ஊரில் விசாரித்தால் அந்தக் குரலை யாருக்கும் தெரியாமல் இருக்காது.

கார் மெக்கானிக்கிடம் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் ஏதோ தேய்ந்துபோய்விட்டதாம், மாற்றச் சொல்லிவிட்டேன். இனிமேல் வண்டி ஒரு தடவை முரண்டு பிடித்தாலும் அன்றைக்கே காட்டிவிடுவேன். நீயும் அப்படியே இரு. வண்டி விஷயத்தில் மட்டும் சொல்லவில்லை. பிள்ளை வளர்க்கிற வீட்டில் உடம்போ மனசோ கொஞ்சம் சரியில்லை என்று யாராவது சொன்னால், அன்றைக்கே உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். பிள்ளை அழும்போது, என்னவோ ஏதோ என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து பார்க்காதே. முதலில் கையை எடுத்துவிட்டு, என்ன சொல்கிறாள் என்று கேள். இதையும் நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். பக்கத்தில் இல்லாமல் போனதாக இனி ஒரு தடவை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கோமதி விழித்துவிட்டாள். "யாருக்கு எழுதுதீக அத்தே, அவுகளுக்கா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன். நீயும் ஒரு வரி சொல்லு, எழுதுகிறேன் என்றேன். வெட்கப்பட்டாள். பிள்ளையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "ரொம்ப வருத்தப்பட வேண்டாம்னு எழுதுங்க. அடுத்த பிள்ளைக்கு அவுக வந்து தள்ளட்டும்" என்கிறாள்.

எழுதிவிட்டேன். இதற்குப் பதிலை எனக்கு அனுப்பாதே, அவளுக்கு அனுப்பு.

உன் அம்மா